மூன்று டப்பா களிமண்ணோடு ராயபுரத்துக்கு

பினாங்கிலிருந்து கப்பலில் வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்குகிறவர்கள் வழக்கமாக நைலான் சேலையையோ டிரான்சிஸ்டரையோ மறைத்துக்கொண்டு வருவார்கள். நான் மூன்று டப்பா களிமண் கொண்டுவந்தேன். மறைக்கவும் இல்லை. என் பயணத்தின் தொல்லைகள் எல்லாம் இந்தக் கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்கின.

மலேயாவின் ஈப்போ நகரில் பாறையையும் மண்ணையும் சோதிக்கும் ஓர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான். பாறை பற்றிய அறிக்கைகளை அதிகாரிகள் எழுதினார்கள். நான் தட்டச்சு செய்தேன். எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எந்தக் காகிதம் எந்த மேசைக்கு எத்தனை பிரதிகளில் போக வேண்டும் என்று தெரிந்த மனிதனை அலுவலகத்தில் மதிப்பார்கள், வீட்டில் சகித்துக்கொள்வார்கள்.

களிமண் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊருக்கு வடக்கே மலைக்குள் ஓர் அணை கட்டி முடித்திருந்தார்கள். அணையின் இடது கரைப் பாறையில் ஒரு பழைய பிளவு ஓடுகிறது. என்றைக்கோ பாறை உடைந்து, இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து நகர்ந்த இடம். அப்படி உராயும்போது நடுவில் பாறை மாவாக அரைபடும். அந்த மாவில் தண்ணீர் ஊறி, காலப்போக்கில் களியாக மாறும். இடது கரைப் பிளவில் இருக்கும் களி ஒரு கை அகலம். அதன்மேல் ஒரு மலையின் பாதி உட்கார்ந்திருக்கிறது. அது நகராமல் இருப்பது உராய்வினால்தான்.

எங்கள் அலுவலகம் அந்தக் களியைச் சோதித்துத் தந்த அறிக்கை, அது பாறை அளவுக்கே பிடிப்பாக இருக்கிறது என்று சொன்னது. மழைக்காலம் தொடங்கியதும் அணையை நிரப்புவதாக ஏற்பாடு. என்னோடு வேலை பார்த்த நிலவியலாளர் லிம் மட்டும் அறிக்கையை நம்பவில்லை. அவர் அந்தக் கரையில் குடைந்திருந்த சுரங்கத்துக்குள் போய் அந்தக் களியை விரலால் தொட்டுப் பார்த்திருந்தார். சவர்க்காரம் போல வழுக்கியதாம். தம் சொந்தப் பொறுப்பில் மூன்று டப்பாவில் அதை ஈரத்தோடு அடைத்து, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி, சென்னைக்குப் போகும் என்னிடம் கொடுத்தார். வெளியார் ஒருவரின் சோதனை முடிவு, அணையை நிரப்புவது பற்றித் தீர்மானிக்கும் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முன் தந்தியில் வர வேண்டும்.

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் நிலவியல் அல்ல. அணைக்குக் கீழே, ஆற்றோரத்தில் ஆசிரியர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அதில் மூன்றாவது வீட்டில் என் மகள் சரோஜா இருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை சுங்க மேசையில் என் முறை வந்தது. படிவத்தில் 'மண், மூன்று டப்பா' என்று தெளிவாக, பெரிய எழுத்தில் நிரப்பியிருந்தேன். அதிகாரி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் படிவத்தைப் பார்த்தார். அவர் பணிக்காலத்தில் உண்மை எழுதிய படிவம் ஒன்று வருவது அபூர்வம் என்று தோன்றியது.

"மண் என்றால் தாவர நோய்த்தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும்" என்றார். "வெளிநாட்டு மண்ணில் புழு, பூச்சி, கிருமி வரும். அடுப்பில் வைத்துச் சூடாக்கித்தான் விடுவார்கள்."

"சூடாக்கினால் ஈரம் போய்விடுமே."

"அதற்குத்தானே சூடாக்குவது?"

டப்பாக்களை வாங்கிக்கொண்டு ரசீது தந்தார். ரசீது எல்லா விதத்திலும் சரியாக இருந்தது. என்னால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

என் பெட்டியைத் தூக்கிய கூலிக்காரர் வாசல்வரை பொறுமையாக இருந்தார். வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டார். "இன்னா நைனா நீ? கல்லுன்னு எழுதியிருந்தா ஷோக்கா வெளிய வந்துகினு இருப்ப. மண்ணுன்னு எழுதி பேஜாருல மாட்டிக்கினியே. படிச்ச ஆளு மாரி கீற!"

படித்ததுதான் காரணம் என்று அவரிடம் விளக்கவில்லை.

நான் தங்கியது ராயபுரத்தில், அருளப்பன் வீட்டு மாடியில். அருளப்பன் மண் சோதனைப் பொறியாளர். லிம்மோடு ஒரே கல்லூரியில் படித்தவர். திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் சிறிய சோதனைக்கூடம் வைத்திருந்தார். எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கியோ தொட்டியோ எழுப்புகிறவர்கள், அது சாயாமல் நிற்குமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் அஸ்திவாரம் போடுவார்களாம். அவர் வீட்டுக்கு ஒரு பக்கம் மாதா கோயில் மணி, மறுபக்கம் ரயில் ஊதல், நடுவில் மீன் வாசனை. ஈப்போவில் மணி அடித்தால் நேரம் தெரியும். இங்கே யாரோ இறந்துவிட்டார் என்று தெரிந்தது, அவர் எந்தத் தெரு என்பதுகூடச் சற்று நேரத்தில் தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு வஞ்சிரக் குழம்பு. அருளப்பன் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறுகையால், லிம் என்னிடம் கொடுத்தனுப்பிய ஈப்போ அறிக்கையைப் புரட்டினார். திடீரென்று நிறுத்தினார்.

"இங்கே பாருங்கள் சார். 'அலுவலக நடைமுறைக் கையேடு, பக்கம் பதினான்கு, பத்தி மூன்றின்படி மாதிரி முதலில் உலர்த்தப்பட்டது.' போச்சு! களி என்பது மெல்லிய தகடுகள் அடுக்கிய கட்டு. தகட்டுக்கு இடையில் தண்ணீர் இருக்கும்வரை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். தண்ணீரை எடுத்துவிட்டால் ஒட்டிக்கொண்டு பாறை மாதிரி நிற்கும். பிளவுக்குள் இருப்பது ஈரக் களி, இவர்கள் சோதித்தது காய்ந்த களி. இதைச் சோதிப்பதற்குப் பதிலாகச் செங்கல்லைச் சோதித்திருக்கலாம். எந்த முட்டாள் எழுதினான் இந்தப் பத்தியை?"

நான் மீனில் முள் எடுப்பதில் கவனம் செலுத்தினேன்.

பக்கம் பதினான்கு, பத்தி மூன்றை எழுதியது நான். ஈர மாதிரிகளிலிருந்து தண்ணீர் கசிந்து கோப்புகளில் கறை பட்டது. ஒட்டிய சீட்டுகள் பூஞ்சை பிடித்தன. ஒருமுறை மூன்று மாதிரிகளின் பெயர் அழிந்து, எது எந்த மலை என்று தெரியாமல் போயிற்று. அதற்காக 'எல்லா மாதிரிகளும் வந்த அன்றே உலர்த்தப்பட வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தேன். அதிகாரி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பில்கூடக் கறை கிடையாது. அதற்காக எனக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது.

"குழம்பு பிடிக்கவில்லையா சார்?" என்று அருளப்பன் மனைவி கேட்டார்.

"ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றேன். அது உண்மை.

செவ்வாய்க்கிழமை காலை நோய்த்தடுப்பு அலுவலகம் திறக்குமுன் வாசலில் நின்றேன். அருளப்பன் துணைக்கு மரியதாஸ் என்பவரை அனுப்பியிருந்தார். மரியதாஸ் சோதனைக்கூடத்தில் இயந்திரம் ஓட்டுகிறவர். ஐம்பது வயது, அகலமான தோள், கழுத்தில் ஜெபமாலை. மீன்பிடிக் குடும்பம். "கடல் ஒத்துக்கல, வாந்தி. அதான் மண்ணுக்கு வந்துட்டேன்" என்று தம் வாழ்க்கையை வாசலிலேயே சொல்லி முடித்தார்.

உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனிதர். துரதிருஷ்டவசமாகச் சுறுசுறுப்பானவரும்கூட. முந்தின நாள் மாலையே இரண்டு டப்பாக்களை அடுப்பில் ஏற்றிவிட்டார். மேசைமேல் அவை இருந்தன. திறந்து பார்த்தேன். களி பிஸ்கட் போல வெடித்திருந்தது. தட்டினால் ஓசை வந்தது.

"மூன்றாவது?"

"அது பெரிய டப்பா. அடுப்புக்குள் நுழையவில்லை. இன்று பிரித்துப் போடலாம் என்று வைத்திருக்கிறேன்."

என் முப்பத்தொரு வருட அனுபவம் முழுவதையும் அந்த ஒரு டப்பாவுக்காக மேசையில் கொட்டினேன். தாவர நோய்த்தடுப்பு விதியில் மண் என்பது வேர் இறங்கும் ஆழம்வரைதானே? இது மலைக்குள் சுரங்கத்தில் எடுத்தது. வேர் போகாத இடம். ஆகவே இது மண் ஆகாது, கனிமம். படிவத்தில் மண் என்று எழுதியது என் பிழை. பிழைதிருத்த விண்ணப்பம் இதோ, மூன்று பிரதிகள். சோதனை முடிந்த மறுநாள் மிச்சக் களி முழுவதையும் திருப்பிக் கொண்டுவந்து அடுப்பில் ஒப்படைப்பதாக உறுதிமொழி இதோ, இரண்டு பிரதிகள்.

அதிகாரி நான்கையும் படித்தார். நான்கு அல்ல, ஐந்து என்று அவரே எண்ணிச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு மென்மை வந்தது. "இவ்வளவு முழுமையான விண்ணப்பம் எனக்கு இதுவரை வந்ததில்லை சார்" என்றார். நாங்கள் இருவரும் ஒரே ஜாதி, காகித ஜாதி. டப்பா என் கைக்கு வந்தது.

வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. திருவொற்றியூர் போகும் பஸ் ஒன்றில் ஏறினோம். அது ராயபுரம் தாண்டுவதற்குள் நின்றது. ஓட்டுநர் இறங்கி முன்பக்க மூடியைத் திறந்தார். பயணிகள் யாரும் கோபப்படவில்லை. ஈப்போவில் பஸ் நின்றால் எல்லோரும் கடிகாரம் பார்ப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கி இயந்திரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் தெலுங்கில் ஓட்டுநருக்கு யோசனை சொன்னார். போன வாரமும் இதே இடத்தில்தான் நின்றது, அப்போது நான் சொன்னதை நீ கேட்கவில்லை என்று அதற்குப் பொருளாம்.

நான் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தேன். மூடியைச் சுற்றியிருந்த மெழுகு பளபளத்தது. விரல் வைத்தேன், ஒட்டியது. மெழுகு உருகி வழிந்தால் ஈரம் போய்விடும். ஈரம் போனால் மூன்றாவது டப்பாவும் பிஸ்கட்.

"இத்த நிழல்ல வெச்சா போதாது சார். மீனுக்கு இன்னா பண்ணுவோமோ அத்த பண்ணணும்" என்றார் மரியதாஸ். "குந்திகினு இரு, தோ வரேன்."

அவர் கடற்கரைப் பக்கம் ஓடினார். கால் மணி நேரத்தில் ஒரு மீன்பாடி வண்டி வந்தது. முன்னால் பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிள். பெட்டி நிறையப் பனிக்கட்டி, மேலே நனைத்த சாக்கு. ஓட்டுகிறவர் அவருடைய தோஸ்துவாம். டப்பாவைச் சாக்கில் சுற்றிப் பனிக்கட்டிக்கு நடுவில் இறக்கினார்கள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீயும் குந்து சார்."

"எங்கே?"

"ஐஸு மேலதான். சாக்கு கீதுல்ல."

ஓய்வூதியம் பெறும் தலைமை எழுத்தர் ஒருவர் மீன் வண்டியில், பனிக்கட்டிமேல், கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போனதை அன்று பல பேர் பார்த்தார்கள். ரயில்வே கேட்டில் நின்றபோது ஒரு மீன்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். "இன்னா மீனுய்யா இது, கண்ணாடி போட்டுகினு கீது? கிலோ எம்மாம்?" என்றாள். மரியதாஸ், "மலேயா மீனு. விக்கிறதுக்கு இல்ல" என்றார். கேட் திறக்கும்வரை அவள் அங்கேயே நின்று, என் எடையைத் தோராயமாக ஊகித்துச் சொன்னாள். ஏறக்குறைய சரியாகவே சொன்னாள்.

கொட்டகையில் அருளப்பன் காத்திருந்தார். சோதனை இயந்திரம் பார்ப்பதற்கு எளிமையானது. நடுவில் குறுக்காக இரண்டாகப் பிரிந்த ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் களியை வைத்து, மேலே எடை ஏற்றி, கீழ்ப்பாதியைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். களி எவ்வளவு தள்ளலுக்கு இடம் கொடுக்கிறது என்று முள் காட்டும். தள்ளுவது மிக மெதுவாக, ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். அதற்கு ஒரு மோட்டார் உண்டு. போன வாரம் மின்சாரம் விளையாடியதில் மோட்டார் எரிந்துவிட்டது.

"அப்படியானால்?" என்றேன்.

"கையால் சுற்றுவோம். மரியதாஸ் இருக்கிறார்."

"ஒரே வேகத்தில் சுற்ற முடியுமா?"

அருளப்பன் சற்றுத் தயங்கினார். "அவருக்கு ஒரு முறை இருக்கிறது. நீங்களே பாருங்கள்."

முதலில் சுட்ட களி. அதைப் பொடித்துப் பெட்டியில் அடைத்தார்கள். மரியதாஸ் ஸ்டூலில் உட்கார்ந்து, வலது கையால் கைப்பிடியைப் பிடித்தார், இடது கையில் ஜெபமாலையை எடுத்தார். உதடு அசைய ஆரம்பித்தது. ஒரு மணியை உருட்டினால் ஒரு ஜெபம், ஒரு ஜெபத்துக்கு ஒரு சுற்று. மணி நகர்ந்தது, கைப்பிடி சுற்றியது, முள் ஏறியது. நான் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஐம்பது ஜெபத்துக்கு எடுத்துக்கொண்ட நேரமும் அடுத்த ஐம்பதுக்கு எடுத்துக்கொண்ட நேரமும் அநேகமாக ஒன்று. எங்கள் அலுவலக மோட்டார் இவ்வளவு ஒழுங்காக ஓடி நான் பார்த்ததில்லை.

படிவத்தில் 'தள்ளும் வேகம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எந்த அலகில் எழுதுவது என்று யோசித்து, கடிகாரக் கணக்குக்கு மாற்றி எழுதினேன். அடிக்குறிப்பு போட வேண்டுமா என்று அருளப்பனைக் கேட்டேன். வேண்டாம் என்றார்.

மேலே பத்துப் பங்கு எடை இருந்தால், பக்கவாட்டில் ஆறு பங்கு தள்ளிய பிறகுதான் சுட்ட களி நகர்ந்தது. வெறும் பாறைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஈப்போ அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். அதிலும் அதே எண்.

"பார்த்தீர்களா? அவர்கள் இயந்திரம் சரி, நம் இயந்திரமும் சரி. வித்தியாசம் வந்தால் இனி அதற்கு ஈரம்தான் காரணம். இந்த இரண்டு டப்பாவையும் சுடாமல் விட்டிருந்தால், உங்கள் இயந்திரம் கோளாறு என்று அவர்கள் தப்பித்திருப்பார்கள்" என்றார் அருளப்பன்.

"காய்ந்ததில் தண்ணீர் ஊற்றிச் சோதித்திருக்கலாமே?"

"எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்பார்கள். பிளவுக்குள் இருந்த அதே ஈரம் மூன்றாவது டப்பாவில்தான் இருக்கிறது."

நோய்த்தடுப்பு அதிகாரிக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். அவருக்கு என்றைக்குமே தெரியப்போவதில்லை.

பிறகு மூன்றாவது டப்பா. மெழுகை வெட்டி மூடியைத் திறந்ததும் குளிர்ந்த, இருட்டு வாசனை ஒன்று வந்தது. மரியதாஸ் ஒரு துளியை விரலில் எடுத்துத் தேய்த்தார்.

"அய்யே, எண்ணூர்ச் சேறு மாரி கீது. காஞ்ச சேத்துல நடந்தா ரோடு மாரி நிக்கும். அத்தையே கொஞ்சம் நனைச்சு வுடு, ராஜா வந்தாலும் உளுவாரு." கையைத் துணியில் துடைத்தார். அது சுலபத்தில் போகவில்லை. "இதுக்கு மேல இன்னா கீது சார்?"

"ஒரு மலை."

"கீழ?"

"என் மகள் வீடு."

மரியதாஸ் துணியைக் கீழே வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து ஜெபமாலையின் முதல் மணியைப் பிடித்தார். செவ்வாய்க்கிழமை என்பதால், ஏசு பட்ட பாடுகளை நினைத்துச் சொல்லும் துக்க தேவ இரகசியங்கள் என்று அருளப்பன் என் காதில் சொன்னார். வேகத்தில் மாற்றம் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், முள்ளைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அருளப்பன்தான் சத்தமாகப் படித்தார். ஒன்று. ஒன்றரை. ஒன்றே முக்கால். அதன் பிறகு அவர் அதே எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தார். கைப்பிடி சுற்றிக்கொண்டே இருந்தது, முள் ஏறவில்லை. களி போய்க்கொண்டே இருந்தது.

பத்துக்கு இரண்டு பங்குகூட இல்லை. அறிக்கை சொன்னதில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு.

மரியதாஸ் கடைசி மணிவரை சுற்றிவிட்டுத்தான் எழுந்தார். பாதியில் நிறுத்தும் பழக்கம் இல்லையாம்.

லிம்முக்கு அன்று மாலையே தந்தி அடித்தேன். இரண்டு எண்களும், எது காய்ந்தது எது ஈரம் என்பதும். பிறகு அருளப்பன் என்னைக் கடற்கரைப் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் நடத்தும் தள்ளுவண்டிக் கடைக்கு அழைத்துப்போனார். நூடுல்ஸைக் கையால் பிசைந்து, வறுத்த பூண்டும் எலுமிச்சையும் போட்டு 'அத்தோ' என்று தந்தார்கள். கடல் கடந்து வந்து நூடுல்ஸ் சாப்பிட்டேன். ஈப்போவில் இதைவிட நன்றாக இருக்கும். ஆனால் ஈப்போக் கடைக்காரர் மூன்றாவது வாய் எடுக்குமுன் "இன்னும் காரம் போடவா, சொல்லு" என்று தோளில் தட்ட மாட்டார்.

புதன்கிழமை மிச்சக் களியைத் திருப்பிக் கொடுத்தேன். அதிகாரி அதைப் பிரித்து அடுப்பில் வைத்தார். மாலையில் முத்திரையிட்ட சான்றிதழ் தந்தார். 'மேற்படிப் பொருளால் இனி எந்தத் தீங்கும் நேராது' என்று அதில் இருந்தது. படித்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டேன். மேற்படிப் பொருளின் பெரும்பகுதி இடது கரையில் இன்னும் சுடப்படாமல் இருந்தது.

சரோஜாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பள்ளி விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்னதாகவே அத்தை வீட்டுக்குப் போய்விடு என்று எழுதினேன். காரணம் எழுதவில்லை. அவள் காரணம் இல்லாத உத்தரவைக் கேட்கிறவள் அல்ல. எனவே கடிதத்தைக் கிழித்துவிட்டுக் காரணத்தோடு எழுதினேன். பக்கம் பதினான்கு, பத்தி மூன்று உட்பட. அது நான் எழுதியதிலேயே நீளமான கடிதம்.

சனிக்கிழமை பிற்பகல் லிம்மின் தந்தி அருளப்பன் வீட்டு வாசலுக்கு வந்தது. அருளப்பனே வாங்கிப் படித்தார். அணை நிரப்புவது நிறுத்தம். இடது கரை முழுவதும் ஈர மாதிரி எடுத்து மறுசோதனை. அதுவரை கீழே இருக்கும் குடியிருப்பு காலி செய்யப்படும். அருளப்பன் மனைவி சிலுவை போட்டுக்கொண்டார்.

"இன்னும் ஒரு வரி இருக்கிறது" என்றார் அருளப்பன். "'உலர்த்தும் விதியை எழுதியது யார் என்று குழு கேட்கிறது. கையெழுத்துப் போட்டவர் இறந்துவிட்டார். பழைய கோப்பு கிடைக்கவில்லை. உங்களுக்குத் தெரியுமா?'" அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தெரியுமா சார்?"

கோப்பு கிடைக்காது. முப்பத்தொரு வருடத்தில் கிடைக்காமல் போக வேண்டிய கோப்புகள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று பதில் அடித்தால் விஷயம் இறந்துபோனவரோடு முடிந்துவிடும். நடைமுறைப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தக் கையேட்டில் இன்னும் எத்தனை பத்தி என்னுடையது என்று தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான்.

மரியதாஸ் என்னோடு தந்தி அலுவலகத்துக்கு வந்தார். படிவத்தை நிரப்பி ஜன்னலுக்குள் நீட்டினேன். உள்ளே இருந்தவர் படித்துவிட்டு, காகிதத்தைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார்.

"இன்னா சார், ஒரே ஒரு வார்த்தைதான் கீது?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"ஆமாம்."

"'நான்'னு மட்டும் போட்டா அங்க இருக்கிறவருக்குப் புரியுமா?"

"புரியும்" என்றேன். "விவரம் அவருக்குத் தனிக் கடிதத்தில் போகிறது. கீழே பெயர் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்."